ஏழு கிலோ

தராசுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கையில் எது வந்தாலும் எடை சொல்லிவிடுவார். மனைவி காய்கறிப் பையை நீட்டினால், வாங்கி உள்ளே வைப்பதற்குள் "மூணே முக்கால்" என்பார். குழந்தை பிறந்த வீட்டுக்குப் போனால், எல்லாரும் குழந்தை யார் சாயல் என்று தலையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, இவர் கையில் வாங்கி "ரெண்டு தொள்ளாயிரம்" என்பார். பெற்றவள் முறைப்பாள். ஆனால் ஐம்பது கிராம்கூட முன்னே பின்னே இருக்காது.

தொழில் அப்படி. கடை, கிடங்கு, ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் எடை மெஷின் இருக்கிறதோ அங்கெல்லாம் போய், பிரித்து, பழுது பார்த்து, தன் பெட்டியில் இருக்கும் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிச் சோதிப்பார். எல்லாம் சரி என்று மனதுக்குப் பட்ட பிறகுதான் 'சரிபார்க்கப்பட்டது' என்று அச்சடித்த பச்சை ஸ்டிக்கரில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டுவார். மனதுக்குப் படாவிட்டால் தலைகீழாக நின்றாலும் ஒட்ட மாட்டார். தராசு காணாமல் போய் எல்லாம் மின்சார மெஷின் ஆகிவிட்ட பிறகும் தெருவில் அவர் பெயர் தராசுக்காரர்தான். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டும், அந்தக் கர்வத்துக்கு அவர் தகுதியானவராகத்தான் இருந்தார், அந்த வருஷம் வரைக்கும்.

அவருக்கு ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை. அந்த வருஷம் தீயணைப்புப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் விண்ணப்பம் போட்டு, எழுத்துத் தேர்விலும் தேறி, அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். இனி உடல் தகுதித் தேர்வு மட்டும்தான். ஓட்டம், ஏணி, தண்ணீர்க் குழாய்ச் சுருளை இழுப்பது. அதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. கடைசியாக ஒன்று இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை, ஐம்பது கிலோ. அதைத் தரையிலிருந்து தோளில் தூக்கிக்கொண்டு நாற்பது மீட்டர் நடக்க வேண்டும். வழியில் பொம்மை தரையைத் தொட்டால் அவ்வளவுதான். அவளுக்கு வயது இருபத்தேழு. இருபத்தெட்டு முடிந்தால் எடுக்க மாட்டார்கள். தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவளுக்கு இந்த ஒரே ஒரு தடவைதான்.

"ஏன்டி, உலகத்துல வேற வேலையே இல்லையா?" என்றாள் அம்மா. ஆனால் அவள் கேட்டது வாய் வார்த்தைக்குத்தான். மறுநாளே பக்கத்து வீட்டில் போய், "எங்க பொண்ணு ஏணியில ஏறி மூணாவது மாடிக்குப் போவா" என்று ஆரம்பித்துவிட்டாள்.

தராசுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்து மறுப்புச் சொல்லும் ஆளில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் சத்தம் போடும் உரிமையை மனைவியிடம் விட்டுவிட்டவர்.

ஆறு மாத அவகாசம். ஜிம் என்று ஒன்று ஊரின் இன்னொரு கோடியில் இருந்தது. மகள் வேலை முடிந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதனால் பயிற்சி வீட்டில்தான் என்று முடிவாயிற்று. அவர்கள் வீடு மூன்றாவது மாடி. மேலே மொட்டை மாடி. கீழேயிருந்து அறுபத்திரண்டு படி.

முதல் மாதம் உடம்பு ஒன்றே போதுமாக இருந்தது. தரையில் கையூன்றி எழுவது, உட்கார்ந்து எழுவது. அது சுலபமானதும், காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு கையூன்றினாள். உட்கார்ந்து எழுவதை ஒற்றைக் காலில் செய்தாள். கீழே இறங்குவதற்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கொண்டு மெல்ல இறங்கினாள். அதுவும் பழகிப்போனது. அப்புறம் பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி இழுத்தாள். ஒரு டியூப் போதாமல் இரண்டு, மூன்று என்று சேர்த்துக் கட்டினாள். ஒரு நாள் கம்பியோடு ஜன்னல் சட்டமும் கொஞ்சம் முன்னால் வந்தது. "வேலை கிடைக்குதோ இல்லையோ, வீடு நிக்காது போலிருக்கே" என்று அம்மா கதவுப் பக்கம் இடம் மாற்றிக் கொடுத்தாள்.

தண்ணீர் கேன்களைக் கொண்டுவந்தவர் அப்பாதான். ஐந்து லிட்டர் கேன் இரண்டு. "ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இதைவிட நம்பிக்கையான எடைக்கல் உலகத்துல கிடையாது. தினம் கால் லிட்டர் கூட்டு, உடம்புக்கே தெரியாது" என்றார். அவள் கேன்களைக் கையில் பிடித்துக்கொண்டு படி ஏறினாள், இறங்கினாள். முதுகுப் பையில் பழைய பாடப்புத்தகங்களை அடைத்துக்கொண்டு ஏறினாள். பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்தப் புத்தகங்களை அவள் இவ்வளவு தூரம் சுமந்ததில்லை என்று அம்மா சொன்னாள். இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தினமும் கதவைத் திறந்து, "இன்னும் எத்தனை தடவைம்மா?" என்று கேட்பார். "பன்னிரண்டு சார்" என்பாள். அவர் பெருமூச்சோடு கதவைச் சாத்திக்கொள்வார்.

ஆனால் பொம்மை என்பது கேனும் இல்லை, புத்தகப் பையும் இல்லை. கைப்பிடி இல்லாமல், தூக்கினால் இடுப்பில் மடிந்து, தோளில் போட்டால் ஒரு பக்கம் வழியும் பாரம் அது. அதற்கு ஒரு பை தைக்க வேண்டும் என்றார் அப்பா. அம்மா பழைய படுதாத் துணியை வெட்டி, இரண்டு ஜீன்ஸ் பேண்ட் கால்களை உள்ளே கொடுத்து, இரட்டைத் தையல் போட்டு, நெஞ்சளவு உயரத்தில் ஒரு நீளப் பை தைத்துக் கொடுத்தாள். மெஷின் ஊசி நான்கு உடைந்தது.

பையில் என்ன போடுவது என்பதில்தான் தராசுக்காரர் தன் மூளையைக் காட்டினார். வெறும் மணலை இருபது கிலோ போட்டால் பை பாதிகூட நிறையாது, தொங்கும். அதனால் மணலோடு மரத்தூளைக் கலந்து பையை வாய் வரை நிரப்பினார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பை வாயைப் பிரித்து, கொஞ்சம் மரத்தூளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மணலைப் போடுவார். பை அதே அளவு, அதே வடிவம். எடை மட்டும் இரண்டு கிலோ ஏறியிருக்கும். முன்னறையில் இருந்த தன் வேலை மெஷினில் தூக்கி வைத்து, எண் சரியாக நின்றதும், வாயைத் தைத்து, பச்சை ஸ்டிக்கர் ஒன்றில் எடையையும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பையில் ஒட்டுவார்.

"இது எதுக்குப்பா?" என்று முதல் தடவை மகள் சிரித்தாள்.

"ஜிம்முல இரும்புத் தட்டுல இருபதுன்னு எழுதியிருப்பான். அது இருபதுதானான்னு எவன் பார்த்தான்? இங்க நான் பார்த்திருக்கேன்."

அன்றிலிருந்து அவள் ஸ்டிக்கரைப் பார்ப்பாள், தூக்குவாள். மெஷின் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஒரு நாள்கூடத் தானாக வைத்துப் பார்த்ததில்லை. அந்த வீட்டில் அப்பா நிறுத்ததை இன்னொருத்தர் நிறுத்துப் பார்க்கிற வழக்கமே கிடையாது.

பை முப்பத்தாறு கிலோவாக இருந்த வாரம் தராசுக்காரருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. தீக்காயப் பிரிவில் ஒரு கட்டில். நோயாளியைப் படுத்தபடியே எடை பார்க்கும் கட்டில் அது. அங்கே மருந்தும் திரவமும் எடையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். எண் நிற்காமல் ஆடுகிறது என்றார்கள். நோயாளியைப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, இவர் அரைமணி நேரத்தில் கம்பியை மாற்றிச் சரிசெய்து, எடைக்கற்களை வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு நோயாளியைத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள். நான்கு பேர் விரிப்போடு தூக்கினார்கள். கண்ணையும் வாயையும் தவிர எல்லாம் கட்டு.

"ஃபயர் சர்வீஸ்ல இருக்காராம். உள்ள இன்னும் ஒருத்தர் இருக்காங்கன்னு யாரோ சொல்ல, திரும்பப் போயிட்டார்" என்றாள் நர்ஸ், மெல்லிய குரலில்.

பழக்கதோஷம். எண் நின்றதும் "ஐம்பத்தொன்பது நானூறு" என்று சொல்லிவிட்டார் தராசுக்காரர்.

கட்டுக்குள்ளிருந்து அந்தக் கண்கள் அவர் பக்கம் திரும்பின. "குறைஞ்சிட்டேனா?" என்று கேட்டது ஒரு குரல். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது.

இவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஸ்டிக்கர் ஒட்ட மறந்து, பாதி வழியிலிருந்து திரும்பிப் போய் ஒட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பை முப்பத்தெட்டாக வேண்டும். மரத்தூளை எடுத்தார். மணலை அள்ளினார். கை அந்தரத்தில் நின்றது. மகள் மொட்டை மாடியில் குதித்துக்கொண்டிருக்கும் சத்தம் மேலே கேட்டது. அள்ளிய மணலில் பாதியைப் போட்டார். மீதியை வாளிக்கே திருப்பிக் கொட்டினார். வெளியே எடுத்த மரத்தூளிலும் பாதியைத் திரும்ப உள்ளே தள்ளினார். மெஷினில் முப்பத்தேழு காட்டியது. ஸ்டிக்கரில் முப்பத்தெட்டு என்று எழுதினார்.

பேனா கையெழுத்துக்குப் போன இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது உண்மை. ஆனால் நின்ற பேனா நகர்ந்ததும் உண்மை.

ஒரு வாரம்தான், அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அடுத்த வாரமும் ஒரு கிலோதான் போட்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. நடுவில் ஒரு நாள், போதும் இந்தத் திருட்டு வேலை என்று முழுதாகச் சரிசெய்ய உட்கார்ந்தார். ஆனால் ஒரே வாரத்தில் நான்கு கிலோ கூடினால் அவளுக்குத் தெரிந்துவிடும். என்னப்பா இது என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது? கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும் பிழையை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தால் ஒரு திருகில் சரியாகிவிடும், விட்டுவிட்டால் மெஷினையே பிரிக்க வேண்டிவரும் என்று கடைக்காரர்களிடம் மணிக்கணக்கில் பேசுகிற மனிதர்தான் இவர்.

கடைசி வாரம் ஸ்டிக்கரில் ஐம்பது. பையில் நாற்பத்துமூன்று.

ஐம்பது என்று எழுதியிருந்ததை அவள் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நான்கு தடவை நடந்தாள். அம்மா கை தட்டினாள். துணி காயப் போட வந்த பக்கத்து வீட்டுக்காரி, "இனிமே கேஸ் சிலிண்டர் வந்தா உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்றாள். மகள் பையை இறக்கி வைத்துவிட்டு, வேர்வை வழிய, அப்பாவைப் பார்த்து, "ஆயிடுச்சுப்பா" என்றாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எங்கேயிருந்து எடுத்தார் என்று அவருக்கே இன்றுவரை தெரியவில்லை.

தேர்வு நாள். மைதானத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வேலிக்கு வெளியே குடும்பங்கள். ஓட்டத்தில் அவள் மூன்றாவதாக வந்தாள். ஏணியில் அவளுக்கு முன்னால் ஏறியவனை அதிகாரி நிறுத்தி, "இந்தப் பொண்ணு ஏறுறதைப் பார்" என்றாராம். அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் "நம்ம பொண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பொம்மை. அவள் குனிந்து, அணைத்து, தொடைக்கு ஏற்றினாள். அங்கேயே ஒரு கணம் தடுமாறினாள். முகத்தில் ஒரு குழப்பம் வந்து போனதைத் தராசுக்காரர் பார்த்தார். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு பல்லைக் கடித்துத் தோளுக்கு ஏற்றி நடக்க ஆரம்பித்தாள். பத்து மீட்டர். இருபது. முப்பது.

இத்தனை மாதமும் அவர் மனதில் இரண்டு நினைப்பு இருந்தது. ஒன்று, எப்படியும் ஜெயித்துவிடுவாள், நான் செய்தது ஒன்றுமில்லாமல் போகும். இன்னொன்றை அவர் தனக்குள்ளேகூட முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. ஆனால் அவள் முப்பது மீட்டரைத் தாண்டியபோது அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "விட்றாதம்மா! விட்றாத!" என்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி திரும்பிப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவர் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. கட்டிலில் கட்டோடு கிடந்தவனும், பயமும் எல்லாம் எங்கேயோ போய், மகள் ஜெயித்தால் போதும் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் அவருக்கு இருந்தது. அதை ஏழு கிலோவுக்கு முன்னால் அவர் நினைத்திருக்க வேண்டும்.

முப்பத்தாறாவது மீட்டரில் அவள் முழங்கால் மடிந்தது. பொம்மையின் கால் தரையில் பட்டது. அதிகாரி கொடியை இறக்கினார்.

பஸ்ஸில் வரும்போது அம்மாதான் அழுதாள். மகள் அழவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுப் படியில் ஏறும்போது, "எல்லாம் சரியாத்தான் பண்ணோம்பா. உங்க மேல தப்பில்ல. என்கிட்டதான் ஏதோ குறை" என்றாள். அவர் அவளுக்குப் பின்னால் இரண்டு படி கீழே இருந்தார். சொல்லிவிட அது நல்ல இடம். இரண்டாம் மாடிக் கதவு திறந்து தலைமையாசிரியர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க, அந்த இடம் கைநழுவிப் போனது.

அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல இடம் வந்தது. சாப்பிடும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் சைக்கிள் டியூபை எல்லாம் அவிழ்த்துப் பழைய பொருட்களோடு கட்டி வைத்தபோது. ஒவ்வொரு தடவையும் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார். அவள் மருந்துக்கடைக்குப் போனாள், வந்தாள். படியில் ஏறும்போது நின்று நின்று ஏறினாள். சொல்லி என்ன ஆகப்போகிறது, இனித் திரும்பியா வரப்போகிறது என்று இவர் நினைத்துக்கொண்டார். சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் தேடினால் கிடைக்காமலா போகும்?

நான்கு மாதம் கழித்து அவளைத் தேடி ஒரு பெண் வந்தாள். மைதானத்தில் பழக்கமானவள், இருபத்திரண்டு வயது, எல்லாரும் குச்சி என்று கூப்பிடுவார்கள். அவளும் அந்த வருஷம் பொம்மையில்தான் தோற்றிருந்தாள், ஐந்தாவது மீட்டரிலேயே. அடுத்த வருஷத்துக்கு அந்தப் பை வேண்டும் என்றாள். "அக்கா, உங்க அப்பாவே எனக்கும் ரொப்பித் தருவாரா?"

"தருவார். எங்கப்பா நிறுத்தா நிறுத்ததுதான்" என்றாள் மகள்.

தராசுக்காரர் பழைய மணலையெல்லாம் கொட்டிவிட்டு, புதிதாக இருபது கிலோவிலிருந்து ஆரம்பித்தார். குச்சி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையைச் சின்னக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள், படியில் தோளில் போட்டு ஏற்றுவாள். இவர் பிரித்து, இரண்டு கிலோ ஏற்றி, தைத்து, ஸ்டிக்கர் ஒட்டுவார். கிராம் சுத்தமாக நிறுத்தார். அடுத்தவர் பெண்ணுக்கு நிறுக்கும்போது கை நிற்கவில்லை, பேனாவும் நிற்கவில்லை.

பை நாற்பத்திரண்டு ஆன ஞாயிறு. ஸ்டிக்கர் ஒட்டி ஆயிற்று. குச்சி ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். மகள் முன்னறையைப் பெருக்க வந்தவள், பை குறுக்கே கிடக்கிறதே என்று, அதைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனாள். பழைய ஞாபகத்தில் அணைத்து, தொடைக்கு ஏற்றி, தோளில் போட்டாள். போட்டதும் சிரித்தாள்.

"அப்பா, என் உடம்பு எப்படிப் போச்சு பாருங்க. நாப்பத்திரண்டே எனக்கு அந்தக் கடைசி வாரம் மாதிரி இருக்கு."

தராசுக்காரர் மெஷினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்பது போடுங்கப்பா. அவ வர்றதுக்குள்ள எடுத்துடலாம். ஒரு தடவை பார்க்கணும்."

"எதுக்கும்மா இப்ப, டச் விட்டுப்போச்சு, இடுப்புப் பிடிச்சுக்கும்" என்றார்.

"ஒரே ஒரு தடவைப்பா."

மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. அவரால் எப்போதுமே முடிந்ததில்லை. தையலைப் பிரித்து, மரத்தூளை எடுத்து, மணலைப் போட்டார். மெஷின் ஐம்பது காட்டியது. அவளும் பக்கத்தில் நின்று அந்த எண்ணைப் பார்த்தாள்.

அவள் குனிந்து அணைத்தாள். தொடைக்கு ஏற்றினாள். மைதானத்தில் வந்து போன அதே குழப்பம் முகத்தில் வந்தது. இந்தத் தடவை போகவில்லை. பையை மெதுவாக இறக்கி வைத்தாள். பை மேல் கையை வைத்தபடி அப்படியே மண்டி போட்டிருந்தாள். அடுக்களையில் குக்கர் மூன்று தடவை கத்தியது.

"இது அந்தப் பொம்மைப்பா" என்றாள். "நான் வீட்டுல தூக்கினது இது இல்ல."

அவர் துணியை மடித்தார்.

"என் பையில எவ்வளவு இருந்துச்சு?"

அவருடைய தொழிலில் இந்தக் கேள்விக்கு அவர் பொய் சொன்னதில்லை. "நாப்பத்திமூணு" என்றார். அதற்குப் பிறகு அடைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி, கட்டில், திரும்ப உள்ளே போன அந்தப் பையன், முப்பத்தேழு, ஒரு வாரம் என்று ஆரம்பித்தது. "பயந்துட்டேன்மா. உன்னை அந்தக் கட்டில்ல நிறுத்துப் பார்த்துட்டேன், மனசுல."

அம்மா ஈரக்கையோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எதற்கும் நாலு வார்த்தை பேசுகிறவள், அன்றைக்கு ஒரே வார்த்தைதான் பேசினாள். "கையெழுத்துப் போட்டீங்களே" என்றாள். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மகள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். நீங்க ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருப்பீங்க, நானும் சாப்பிடாம இருந்திருப்பேன். அப்புறம் நான்தான் ஜெயிச்சிருப்பேன்." ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தாள். "அது உங்களுக்குத் தெரியும். அதனாலதான் சண்டைக்கே வரல."

பயத்தால் செய்தேன் என்றுதான் அவர் இத்தனை நாளும் தன்னிடமே சொல்லி வந்திருந்தார். பயம் பாதிதான். மீதி இது.

"கடைசி நாலு மீட்டர்ல என்ன நெனச்சேன் தெரியுமாப்பா?" என்றாள். "வீட்டுல அம்பது தூக்கியாச்சு. இதுவும் அம்பதுதான். அப்ப எனக்குத்தான் மனசுல தெம்பில்ல, ஆபத்துன்னு வந்தா நான் விட்டுட்டு ஓடுற ஆளுதான்னு நெனச்சேன். இவ்வளவு நாளும் அதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

கீழே கைவண்டிச் சத்தம் கேட்டது. அவள் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எட்டு கிலோவை எடுத்துடுங்க. அவ வந்துட்டா" என்றாள். அவர் எடுத்தார். அவசரத்தில் மணல் தரையெல்லாம் சிந்தியது. அவளே கூட்டி அள்ளினாள். குச்சி வந்து, "சரியா இருக்குல்ல அங்கிள்?" என்று கேட்டபோது, அவர் பதில் சொல்வதற்கு முன், "சரியா இருக்கு, நான் பார்த்துட்டேன்" என்றாள் மகள்.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசாமல் ஒன்றும் இல்லை. பேசினாள். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். காய்கறிப் பையைக்கூட அவர் கையில் கொடுத்தாள். அவர்தான் அதை வாங்கிப் பேசாமல் உள்ளே வைத்தார். எடை சொல்லவில்லை.

அடுத்த வருஷத் தேர்வுக்கு மகள் குச்சியோடு போனாள். அவரையும் கூப்பிட்டாள். ஏன் கூப்பிட்டாள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை, போனார். அதே வேலி. மகள் முன்னால் போய் நின்றுகொண்டாள், இவர் பின்னால் நின்றார். பக்கத்தில் குச்சியின் அம்மா. தோளில் பொம்மையோடு குச்சி முப்பதைத் தாண்டினாள். முப்பத்தாறைத் தாண்டினாள். நாற்பதில் பொம்மையை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது தராசுக்காரரின் மகள்தான். கத்திவிட்டு, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. போன வருஷம் இதே இடத்தில் அவள் அழவே இல்லை.

அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அதோடு நின்றுகொண்டார்.

குச்சியின் அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். "சந்தோஷமாத்தான் இருக்குண்ணா. ஆனா நாளைக்கு இவ நெருப்புக்குள்ள போவாளே. இனிமே எப்படித் தூங்குறது? பயமா இருக்கு" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

இந்தப் பயம் இன்றைக்கு இவருடையதாக இருந்திருக்க வேண்டும். இதே வேலியில், இதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதே மாதிரி அழுது, வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பி, தினம் தினம் மகள் வேலை முடிந்து வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அது வேண்டாம் என்றுதான் அவர் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் மணலைக் குறைத்தார். இப்போது அவள் தினமும் எட்டு மணிக்குப் பத்திரமாக வந்துவிடுகிறாள். கதவைத் திறந்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அவர் உள்ளே போய்விடுகிறார்.

"இருக்கட்டும்மா" என்றார் அந்த அம்மாவிடம். "பயப்படுங்க. நல்லா பயப்படுங்க."

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளைக் கட்டிக்கொள்ள வேலி வாசல் பக்கம் ஓடினார்.